மரத்திடம் பேசிய கரடி

"ஏ ஆமை! வெயிலை மறைச்சுக்கிட்டு நிக்கிறவங்களைத் தள்ளிப் போகச் சொல்லு!" என்று கத்தியது கிழட்டுக் கரடி.

"ஆமை! வெயில் என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தான்னு கேளு!" என்றது கிழட்டு மான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. அதில் ஆமை உட்கார்ந்திருந்தது.

வயசான மிருகங்கள் சேர்ந்து வாழ்கிற மருதந்தோப்பு அது. பக்கத்திலேயே குளம். சண்டை எதுக்கு? கரடியின் குறட்டையால் தூக்கம் போகிறதென்று மான் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டது. பதிலுக்குக் கரடி, "போடா மொட்டைக்கொம்பு!" என்றது. இவ்வளவுதான் விஷயம். வயசுக்குத் தகுந்த புத்தி ரெண்டுக்கும் இல்லை. மாசக்கணக்கில் நேர்ப்பேச்சு கிடையாது. எல்லாம் ஆமை வழியாகத்தான். அந்த ஆமையையும் விட்டுவைக்கவில்லை. "சேதி சொல்லக்கூடத் துப்பில்லாத சோம்பேறி!" என்று ரெண்டும் திட்டின.

"உங்களுக்கு வாய் இருக்குல்ல? நீங்களே பேசிக்குங்க!" என்று ஆமை தோப்பின் மறுகோடிக்குப் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் கொக்கு பதறிக்கொண்டு வந்தது. மான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"கரடி அண்ணே! குளத்துல முதலை புகுந்திருக்கு! துறையிலேயே கிடக்கு. நான் அக்கரைக்குச் சொல்ல ஓடணும். மானுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நீங்க கூப்பிட்டுச் சொல்லிடுங்க!"

"நான் பார்த்துக்கிறேன், நீ போ!" என்றது கரடி.

மான் எழுந்தது. தண்ணீர் குடிக்க நடந்தது. "மானே, நில்லு!" என்றால் முடிந்தது. ஆனால் கரடியின் கவுரவம் என்னாவது? அது மருதமரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

"சில பேரு இன்னைக்குக் குளத்துப் பக்கம் போகாம இருந்தா, அவங்களுக்குத்தான் நல்லது!"

மானுக்குச் சுருக்கென்றது. நேற்று வெயில், இன்றைக்குத் தண்ணீரா? அது வானத்தைப் பார்த்தது.

"சில பேரு பூச்சாண்டி காட்டினா பயப்பட இங்கே ஆளில்லை!"

"போனா அனுபவிக்கட்டும்!" என்றது கரடி, மரத்திடம்.

"அனுபவிச்சுக்கிறேன்!" என்றது மான், வானத்திடம்.

ஏன் போகக்கூடாது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மானின் கவுரவம் என்னாவது? விறுவிறுவென்று துறையில் இறங்கியது. தலையைக் குனிந்தது. தண்ணீர் ஒரு தடவை புரண்டது. பிறகு மான் இல்லை.

கொக்கு திரும்பி வந்து அலறியது. "அண்ணே! மான்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே! சத்தமாவே சொன்னேன்! காதுல வாங்கலைன்னா நான் என்ன பண்ணுறது?" என்று கரடி மார்தட்டியது.

கூட வாழ்கிறவரை மதிப்பதென்றால் முகத்தைப் பார்த்து, கூப்பிட்டுப் பேசுவதுதான். கரடியைச் செய்யச் சொன்னதும் அது ஒன்றைத்தான், அது செய்யாததும் அந்த ஒன்றைத்தான்.