அடைக்கலம் எழுதிய மொய்

குளத்தடி மடத்துக்கு ஒன்பது வருஷமாக வருகிற அடைக்கலம், அன்றைக்குத்தான் கும்பிடு போடாமல் உள்ளே நுழைந்தார். கையில் இருந்த மொய் நோட்டைத் தரையில் எறிந்தார்.

"கோபத்தை இறக்கி வைக்க ஒரு வழி சொல்லுங்கம்மா. இல்லேன்னா இன்னைக்கு ஊருக்குள்ள யாரையாவது அடிச்சுப்புடுவேன்."

தையல்நாயகி அம்மா மதியக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"காலையில மாத்திரை போட்டீங்களாண்ணே?"

"போட்டேன்."

"ராத்திரி தூங்கினீங்களா?"

"நல்லாத் தூங்கினேன். இது அந்த நோவு இல்லம்மா. இது சுத்தமான கோபம்."

"அப்ப உக்காருங்க. பேசலாம்."

அடைக்கலத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. அம்மாவுக்கு முப்பத்தொன்பது. மகள் வயசுக்காரியைக் குரு என்று கும்பிடுகிறானே என்று ஊர் சிரித்த காலம் உண்டு. அந்த ஊருக்குச் சிரிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேங்காய் வியாபாரம் செய்து நன்றாக இருந்த மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆனி மாதத்தில் அவருக்குத் தூக்கம் நின்றுபோனது. பொழுது விடிந்தால் பேச்சு, அடைந்தால் பேச்சு. எண்ணெய் ஆலை வாங்கப் போகிறேன், ஊருக்கே வேலை கொடுக்கப் போகிறேன் என்றார். தோப்புப் பத்திரத்தைக் கொடுத்து ஃபைனான்ஸ் சிங்காரத்திடம் மூணு வட்டிக்குப் பத்து லட்சம் வாங்கினார். வாங்கின பணத்தை ஆடி பூராவும் மொய் எழுதினார்.

அந்தப் பக்கத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்து. கறிச்சோறு போட்டு ஊரை அழைப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். எழுதினவர் நாளைக்கு விருந்து வைத்தால், வாங்கினவர் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். பத்திரமும் இல்லை, ஜாமீனும் இல்லை. நோட்டில் பேர் இருந்தால் போதும். அப்பன் வாங்கிய மொய்யை மகன் திருப்புகிற ஊர் அது.

ஐநூறு எழுதுகிற இடத்தில் அடைக்கலம் இருபதாயிரம், முப்பதாயிரம் எழுதினார். மைக்கில் பேர் சொல்லி மாலை போட்டார்கள். கண் சிவந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆளிடம், 'வீட்டுக்குப் போய்ப் படுங்க' என்று சொல்ல ஒருத்தனுக்காவது வாய் வந்ததா? பணத்தை எண்ண மட்டும் கை வந்தது.

மனைவி செங்கமலம்தான் அவரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். எழுபது நாள். திரும்பி வந்தபோது கடை இல்லை. நேற்றுவரை தன்னிடம் காய் வாங்கினவனின் களத்தில் கூலிக்கு மட்டை உரித்தார். இந்த ஆடியில் செங்கமலத்தின் தோட்டை விற்றுக் கிடா வாங்கி விருந்து வைத்தார். அது போன ஞாயிற்றுக்கிழமை.

"எட்டரை லட்சம் எழுதியிருக்கேன். திரும்பி வந்தது எழுபத்தோராயிரம். உலகநாதனுக்கு முப்பதாயிரம் எழுதினேம்மா. ஐநூறு எழுதிட்டுப் போறான். மறிச்சுக் கேட்டேன். 'அண்ணே, நீங்க சித்தம் கலங்கி எழுதினது, அதைப் போய்க் கணக்குல சேக்கலாமா, பாவம்'ங்கறான். என் கறியைத் தின்னுட்டு எனக்கே பாவம் பாக்குறான்."

"சிங்காரம் என்ன சொல்றாரு?"

"ஆவணி முடியக் கெடு. அசலும் வட்டியுமாப் பதினேழு லட்சம். இல்லேன்னா தோப்பை எழுதிக் கொடுக்கணும். அவன்கிட்ட மட்டும் சித்தம் கலங்கினது செல்லல. கையெழுத்து உங்களுதுதானேங்கறான். அதே கைம்மா, அதே வாரம். கடன் வாங்குனப்ப மட்டும் எனக்குப் புத்தி தெளிவா இருந்துச்சா?"

அம்மா வாழைக்காயைத் தண்ணீரில் போட்டார்.

"சிங்காரம் கடையில நீங்க என்ன சொன்னீங்க? சொன்னது சொன்னபடி சொல்லுங்க."

"கையெழுத்துப் போட்டவன் நான் இல்ல, அந்த ஆளே வேறன்னு சொன்னேன்."

"யார் யார் இருந்தா?"

"ஒரு பத்துப் பேர். உலகநாதனும் இருந்தான்."

"எப்ப?"

"பங்குனியில."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பேராகப் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் விரல் நின்றது.

"குளத்தடி மடம், நாப்பதாயிரம். இதைச் சொல்லாம விட்டுட்டீங்களே."

"அது மொய் இல்லம்மா. தர்மம்."

"மொய் நோட்டுல இருக்கு. உங்க கையெழுத்து."

"உங்ககிட்டப் போய்க் கேப்பேனா நான்."

"கேக்கணும்ண்ணே. நீங்க கொண்டுவந்து கொடுத்த அன்னைக்கு, மூணு நாளாத் தூங்கலன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முந்தின நாள்தான் செங்கமலம் அக்கா வந்து அழுதுட்டுப் போனாங்க. தெரிஞ்சுதான் வாங்கினேன்."

"ஏம்மா?"

"சமையக்கட்டுக் கூரை ஒழுகிச்சு."

அவ்வளவுதான். வாழைக்காய் கிடந்த பாத்திரத்தை அடைக்கலம் காலால் எத்தினார். தண்ணீர் அம்மாவின் மடிவரை தெறித்தது. ஒன்பது வருஷம் விழுந்த காலா இது என்றார். உலகநாதன் காசு பார்க்கிறவன், அவன் அப்படித்தான், நீ யார் என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அம்மாவைப் பார்த்து 'நீ' வந்தது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டிப் போட்ட இரவில்கூட இந்த மடத்தை நினைத்துத்தான் அழுதேன் என்று சொல்லியும் ஆத்திரம் அடங்கவில்லை.

அம்மா தன் பக்கத்து நியாயம் என்று ஒரு சொல் எடுக்கவில்லை.

"இன்னும் இருந்தா சொல்லுங்க."

இன்னும் இருந்தது. அதையும் சொன்னார்.

"ரெண்டு வருஷமா, நீங்களாக் கேப்பீங்கன்னு பேசாம இருந்தேன்," என்றார் அம்மா. "அதுவும் தப்புதான்."

நோட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய் ஏணியைக் கொண்டுவந்து சமையல்கட்டுச் சுவரில் சாத்தினார். இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்பேனரோடு மேலே ஏறினார். அந்த நாற்பதாயிரத்தில் போட்ட தகரக் கூரை. இருபத்திரண்டு தகரம். முதல் போல்ட் துருப்பிடித்திருந்தது. முட்டிமோதித் திருகினார்.

கீழே அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது.

"என்னம்மா செய்யறீங்க?"

"பழைய தகரம், பாதி விலைக்குத்தான் போகும். மிச்சத்தை மாசாமாசம் தர்றேன்."

"மழை வரப்போகுது. எறங்குங்க."

இரண்டாவது போல்ட் கழன்று விழுந்தது.

"நாப்பது பேரு கஞ்சி குடிக்கிற எடம்மா இது."

மூன்றாவதும் விழுந்தது.

"வேணாம்மா, சொன்னாக் கேளுங்க. அது நான் ஆசையாக் கொடுத்தது."

ஸ்பேனர் நின்றது. அம்மா மேலிருந்து குனிந்து பார்த்தார்.

"யாரு கொடுத்தது?"

அடைக்கலம் வாயைத் திறந்தார். சிங்காரம் கடையில் பத்துப் பேருக்கு முன்னால் பங்குனி மாதத்தில் 'அந்த ஆளே வேற' என்று கத்தியது அவர் காதிலேயே கேட்டிருக்க வேண்டும். முகம் சுண்டிப்போனது. ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேக்குறேன்ல. யாரு கொடுத்தது?"

"நான்தான்."

"நோவோட இருந்த நீங்களா?"

"நோவோட இருந்தேன். நான்தான்."

அதைச் சொல்ல அவருக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொன்னதும் கோபம் போய்விட்டது என்று நினைத்தால் தப்பு. கண்ணில் அப்படியேதான் இருந்தது. இத்தனை நேரம் அது நாலு பக்கமும் அலைந்தது. இப்போது அவரோடு நின்றது.

"அப்ப சிங்காரத்துக் கடனும் என்னுதாம்மா?"

"அசல் உங்களுது. கண்ணு செவந்து நின்ன மனுசன்கிட்டத் தோப்புப் பத்திரத்தை வாங்கினது அவருது. வட்டியைப் பத்திப் பேச நானும் வர்றேன். அதுக்கு முன்னாடி உலகநாதன் வீடு."

"உலகநாதன் மறுபடியும் பாவம்பான்."

"சொல்லட்டும். எழுதினது யாருன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

அடைக்கலம் நோட்டைத் தரையிலிருந்து எடுத்து, ஈரம் பட்ட பக்கத்தை வேட்டியில் ஒற்றி, இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு ஏணியை உலுக்கினார்.

"சரிம்மா. புரிஞ்சுபோச்சு. இனி எறங்குங்க. கூரை இருக்கட்டும். நான்தானே கொடுத்தேன், நானே சொல்றேன்."

அம்மா நாலாவது போல்ட்டையும் கழற்றினார். தகரத்தை இரண்டு கையாலும் தூக்கி, விளிம்பை அவர் பக்கம் இறக்கினார்.

"நீங்க கொடுத்ததுன்னுதாண்ணே திருப்பித் தர்றேன். துண்டைச் சுத்திக்கிட்டுப் பிடிங்க, கையை அறுக்கும்."