சைக்கிள் பாதையில் கவுன்சிலர் முகம்

எங்கள் நகரத்தில் சைக்கிளுக்கென்றே ஒரு பாதை உண்டு. அதில் சைக்கிளைத் தவிர மற்ற எல்லாம் நிற்கும். வேறென்ன செய்வாள், இடியாப்பம் விற்கும் பூவாத்தாள் நடுரோட்டில் மிதித்துப் போனாள். கவுன்சிலர் வீரபத்திரன் மறித்தார்.

"ஏம்மா, நான் பாடுபட்டு வாங்கித் தந்த பாதை இருக்குதில்ல? அதைவிட்டு ஓரடி விலகினாலும் சைக்கிளைப் பிடுங்கிடுவேன்."

சைக்கிள் போனால் பிழைப்பே போச்சு. பூவாத்தாள் பாதையில் ஏறினாள். கொஞ்ச தூரத்தில், பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு பேனர். 'சைக்கிள் பாதை தந்த செம்மலே!' என்ற வாழ்த்துக்குக் கீழே கவுன்சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பூவாத்தாள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "விலகக் கூடாதுன்னுட்டீங்க. மீசை வழியாப் போகட்டுங்களா, பல்லு வழியாப் போகட்டுங்களா?"

பக்கத்து டீக்கடையே சிரித்தது. தன் முகம் நடுத்தெருவில் கிழிவதை எந்தக் கவுன்சிலர் தாங்குவார்? "பேனரைக் கழட்டுங்கடா" என்றார்.

கழற்றினார்கள். பேனருக்குப் பின்னால், அதே பாதையில் அவருடைய கார் நின்றது.

"இப்ப இது மேல ஏறட்டுங்களா?"

"நீ ரோட்டுலயே போ தாயே."

"அதெப்படிங்க, விலகக் கூடாதுங்களே" என்ற பூவாத்தாள், அவர் சாவியைத் தேடிக் காரை எடுக்கும்வரை பெல்லடித்துக்கொண்டே நின்றாள்.