பஸ் ஸ்டாப்புக்கு நிழல் வந்த கதை

புளியங்கரைப் பல்கலைக்கழகத்தில் நகரங்களைப் பற்றி ஒரு பாடம் உண்டு. அடுத்த தலைமுறையும் குடியிருக்கும்படி ஒரு நகரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் பாடம். எந்தத் துறை மாணவரும் சேரலாம், எந்த நாட்டவரும் சேரலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். நான்கு பேர் சேர்ந்தார்கள்.

சிவில் படிக்கும் முகிலரசு, தத்துவம் படிக்கும் சபூரா, வணிகவியல் ஜெபசிங், கென்யாவிலிருந்து வந்து சமூகவியல் படிக்கும் ஒடியம்போ. ஒடியம்போ இரண்டே வருடத்தில் தமிழைப் பிடித்துக்கொண்டவன். நால்வரும் நல்ல பிள்ளைகள். ஆசிரியர் சொன்னதை ஒரு நாளும் மீற மாட்டார்கள். சிக்கலே அங்குதான் இருந்தது.

பாடம் நடத்தியவர் பேராசிரியர் வடிவாம்பாள். முதல் நாளே, "ஒருத்தர் பண்பாட்டை இன்னொருத்தர் மதிக்கணும்" என்றார். அன்று ஒடியம்போவின் நாற்காலியில் பெயிண்ட் காயவில்லை. அதனால் அவன் நின்றான். அவர்கள் நாட்டில் நின்றுதான் பாடம் கேட்பார்கள் போலிருக்கிறது என்று மற்ற மூவரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். இந்த ஊர் வழக்கம் இதுதான் போல என்று எண்ணிய ஒடியம்போ, பெயிண்ட் காய்ந்த பிறகும் உட்காரவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது அல்லவா? பருவம் முழுவதும் வகுப்பு நின்றபடியே நடந்தது.

பருவக் கடைசியில் ஒரு கஷ்டம் வந்தது. நாலு பேருக்காக ஒரு பாடமா என்று நிர்வாகம் கேட்டது. வெள்ளிக்கிழமை ஓர் ஆய்வுக் குழு வரும். மாணவர்கள் ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்திருந்தால் பாடம் இருக்கும். இல்லையென்றால் குழுவின் அறிக்கை கிடைத்த அன்றே மூடிவிடுவார்கள். அந்தப் பாடத்துக்கு அனுமதி வாங்க வடிவாம்பாள் ஏழு வருடம் அலைந்திருந்தார்.

"நம்ம வாசல்ல இருக்கிற பஸ் ஸ்டாப்புல ஒரு பொட்டு நிழல் இல்லை. ஜனங்க வெயில்ல காயுறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஸ்டாப்புக்கு நிழல் வரணும்" என்றார். கூடவே மூன்று விதிகளும் சொன்னார். மக்களைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது. புதிதாக எதையும் வாங்கக் கூடாது, இருப்பதை வைத்தே சமாளிக்க வேண்டும். நான்கு துறைகளும் சமமாக உழைக்க வேண்டும்.

மறுநாள் காலை நால்வரும் ஸ்டாப்புக்குப் போனார்கள். ஸ்டாப் என்றால் ஓர் இரும்புக் கம்பம், உச்சியில் ஒரு தகரப் பலகை, அவ்வளவுதான். பூக்கூடையோடு ஓர் அக்கா நின்றிருந்தார்.

"அக்கா, உங்களுக்கு நிழல் வேணுமா?" என்று சபூரா கேட்டாள்.

"வேணாம்னா சொல்லுவேன்?"

"அப்ப வேணுமா, வேணாமா?"

"வேணும் தாயி."

"நிழல்னா என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?"

"பஸ்ஸு வருது, வழிய விடு."

"இன்னும் முப்பத்தெட்டு கேள்வி இருக்குக்கா. பாதியில போனா உங்க கருத்து கணக்குல சேராது" என்று ஜெபசிங் கூடையைப் பிடித்துக்கொண்டான்.

பஸ் போய்விட்டது. அக்கா தன் கருத்தை முழுமையாகவே சொன்னார். அதில் பெரும்பகுதி ஜெபசிங்கின் குடும்பத்தைப் பற்றியது. அவன் அதையும் எழுதிக்கொண்டான்.

சாயங்காலத்துக்குள் நூறு பேரைக் கேட்டார்கள். நூறு பேரும் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். நூறு பேருக்கும் நிழல் வேண்டும் என்று தெரியவந்தது.

அடுத்து, இருப்பதில் நிழல் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். பல்கலைக்கழக மதிலுக்கு உள்ளே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் நிழலில் ஐம்பது பேர் நிற்கலாம்.

"நிழல் உள்ள இருக்கு, ஸ்டாப் வெளிய இருக்கு. பிரச்சினையே இதான்" என்றான் முகிலரசு.

"அப்ப மரத்தைத் தூக்கிட்டுப் போயிரலாமா?" என்றான் ஜெபசிங்.

முகிலரசு மரத்தைச் சுற்றி டேப் பிடித்தான். "பன்னிரண்டு டன் வரும். கம்பம் பதினஞ்சு கிலோதான்."

"எது லேசோ அதைத் தூக்குறதுதான் சிக்கனம்" என்றான் ஜெபசிங்.

சபூரா நெடுநேரம் யோசித்தாள். "பஸ் நிக்கிற இடம் ஸ்டாப்பா, இல்ல ஸ்டாப் இருக்கிற இடத்துல பஸ் நிக்குதா?"

"பலகையைப் பார்த்துதான் பஸ் நிக்குது. நான் ரெண்டு வருஷமா கவனிக்கிறேன்" என்றான் ஒடியம்போ. அதோடு விவாதம் முடிந்தது.

வியாழக்கிழமை கம்பத்தைப் பிடுங்கினார்கள். நால்வரும் சமமாகத் தூக்குவதில்தான் பெரிய தகராறு. பலகை இருந்த பக்கம் கனம் அதிகம். அந்தப் பக்கம் பிடிக்கும் துறை அதிகமாக உழைத்ததாக ஆகிவிடும். ஆகவே பத்தடிக்கு ஒரு முறை கீழே வைத்து, இடம் மாறி, மறுபடி தூக்கினார்கள். வாசலைச் சுற்றிக்கொண்டு மரத்தடிக்குப் போய்ச் சேர அரை நாள் ஆனது.

வெள்ளிக்கிழமை காலை வடிவாம்பாள் வந்து பார்த்தார். மரத்தடியில் கம்பம் நின்றது. பலகையைத் தேடி வந்த நாற்பது பேர் குளுகுளுவென்று நிழலில் நின்றிருந்தார்கள்.

"பஸ் எப்படிப்பா மதிலுக்குள்ள வரும்?" என்றார் அவர்.

"பஸ்ஸைக் கேக்கச் சொல்லலையே மேடம். மக்களைத்தான கேக்கச் சொன்னீங்க?" என்றான் முகிலரசு.

கம்பத்தைத் திருப்பி எடுத்துப்போக நேரமில்லை. மூன்று பேர் கொண்ட குழு காரில் வந்து இறங்கிவிட்டது. குழுத் தலைவர் சங்கரபாண்டியன் கூட்டத்தைப் பார்த்து அசந்துபோனார்.

"இத்தனை பேர் சண்டை சச்சரவு இல்லாம நிக்கிற ஸ்டாப்பை நான் பார்த்ததே இல்லைம்மா. ஆபீஸுக்குப் போனதும் அறிக்கை எழுதிடறேன்."

வடிவாம்பாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போது சங்கரபாண்டியனுக்கு ஒரு யோசனை தோன்றியது. "பஸ் ஸ்டாப்பை ஆய்வு பண்ணிட்டுக் கார்ல போனா நாலு பேர் என்ன சொல்வாங்க? நாங்களும் பஸ்லயே போறோம்" என்று காரை அனுப்பிவிட்டார்.

மூவரும் நிழலில் நின்றார்கள். மதிலுக்கு வெளியே பன்னிரண்டாம் நம்பர் பஸ் வந்தது. பலகை இல்லாத இடத்தில் நிறுத்தினால் டிரைவருக்கு மெமோ கிடைக்கும். அது நிற்காமல் போனது.

"அது வேற பஸ்ஸா இருக்கும். ஸ்டாப் இங்கதான இருக்கு" என்றார் சங்கரபாண்டியன். நாற்பது பேரும் ஆமாம் என்றார்கள்.

திங்கட்கிழமை டவுனில் இருக்கும் நிர்வாக அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "அறிக்கை எங்கம்மா?"

"குழு இன்னும் கிளம்பலை சார்" என்றார் வடிவாம்பாள்.

முதல் குழுவை அழைத்து வர நிர்வாகம் இரண்டாவது குழு ஒன்றை நியமித்தது. அவர்கள் எளிமையானவர்கள். அலுவலக வாசலில் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, பல்கலைக்கழக ஸ்டாப்புக்கு மூன்று டிக்கெட் எடுத்து, ஜன்னலோரமாக உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு ஸ்டாப் இப்போது வழியில் இல்லாததால் பஸ் அங்கே நிற்கவில்லை. டிக்கெட் எடுத்த இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்குவது முறையல்ல என்று அவர்களும் இறங்கவில்லை.

அறிக்கை இன்னும் வரவில்லை. வராததால் பாடத்தை மூடவும் முடியவில்லை. பஸ் மதிலைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே நிற்கும் குழுவும் ஜன்னலோரக் குழுவும் ஒன்றுக்கொன்று கையசைத்துக்கொள்கின்றன.