ம் கொட்ட ஓர் ஆள்

"எட்டு மாசமா வர்றேனுங்க டீச்சர். என்னோட நாவல் தேறுமா தேறாதான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறீங்களே," என்றார் சென்னியப்பன்.

"படிங்கண்ணா," என்றார் மங்கையர்க்கரசி.

அவ்வளவுதான் பதில்.

சென்னியப்பன் அரசு பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். டீச்சர் நாலு நாவல் எழுதியவர். பரிசு, மொழிபெயர்ப்பு, மேடை எல்லாம் பார்த்தவர். சனிக்கிழமை நாலு மணிக்குக் கோபி டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் எழுதச் சொல்லித் தருகிறார்.

சொல்லித் தருகிறார் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். வந்தவர்கள் தாங்கள் எழுதியதைப் படிப்பார்கள். டீச்சர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, கதை கேட்கிற குழந்தை மாதிரி "ம்" கொட்டுவார். வேறு பேச்சே கிடையாது. இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று முதல் வாரம் சென்னியப்பன் நொந்துகொண்டார்.

அன்றைக்கும் படித்தார். மலைப்பாதையில் பஸ்ஸை ஒற்றை யானை மறிக்கிற கட்டம்.

"ம்."

டிரைவர் இன்ஜினை அணைத்தார். யானை தும்பிக்கையை நீட்டி முன்கண்ணாடியைத் தடவிப் பார்த்தது.

"ம்... ம்."

யானை காட்டுக்குள் போய்விட்டது. 'வாழ்க்கை என்பதும் ஒரு பயணம்தானே' என்று அடுத்த பத்தி ஆரம்பித்தது. அதை மட்டும் ஏழு பக்கத்துக்கு உருகி உருகி எழுதியிருந்தார். ஒரு பக்கம் முடிந்தது. சத்தத்தைக் காணோம். இரண்டாவது பக்கமும் முடிந்தது.

"தூங்கிட்டீங்களா டீச்சர்?"

"இல்லீங்கண்ணா."



சென்னியப்பனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வீட்டுக்குப் போய் அதையே மனைவி பாப்பாத்தியிடம் படித்துக் காட்டினார். யானை நின்றவரைக்கும் அந்த அம்மாள் அவரைக்காய் நறுக்குவதைக்கூட மறந்து கேட்டாள். யானை போனதும் அடுப்பில் பால் பொங்குது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் பாலே வைக்கவில்லை.

சென்னியப்பன் ஏழு பக்கத்தையும் கிழித்துப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை யானை போனதும் பஸ் கிளம்பிவிட்டது. "ம்" கடைசி வரி வரைக்கும் விடாமல் வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பு கலைந்ததும் துணிந்து கேட்டுவிட்டார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க டீச்சர். நான் எப்பங்க எழுத்தாளன் ஆவேன்?"

டீச்சர் கதவைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

"அடுத்த வாரம் ஒரு மணி நேரம் முன்னாடி வாங்கண்ணா."

அந்த ஏழு நாளும் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீச்சரின் பதிப்பாளர் அன்றைக்குச் சென்னையிலிருந்து வருகிறார் என்று காதில் விழுந்திருந்தது. தன் நாவலை அவர் கையில் கொடுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று சென்னியப்பனே முடிவு கட்டிக்கொண்டார். சலவைச் சட்டையைப் போட்டு, கையெழுத்துப் பிரதியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டரைக்கே மாடியேறிவிட்டார்.

டீச்சர் தன்னுடைய நாற்காலியைக் காட்டி அதில் உட்காரச் சொன்னார். தான் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கட்டுத் தாளைப் பிரித்தார். அவருடைய ஐந்தாவது நாவல். புத்தகக் கண்காட்சிக்கு விளம்பரம்கூட வந்தாகிவிட்டது. அதை வாங்கிப்போகத்தான் பதிப்பாளர் வருகிறாராம்.

"கடைசி அத்தியாயம் படிக்கறேன். நீங்க ம் கொட்டுங்க."

"நானுங்களா?"

"நாலு புஸ்தகம் வந்ததுக்கு அப்புறம் எனக்கு யாரும் ம் கொட்டறதில்லீங்கண்ணா. எடுத்தவுடனே பிரமாதம்ங்கறாங்க."

படித்தார். பூங்கொடி என்ற பெண் நூற்பாலை விடுதியின் சுவரேறிக் குதித்து, வெறுங்காலோடு ஊருக்கு நடக்கிறாள். சென்னியப்பன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "ம்... ம்..." என்று தன்னாலே வந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்னும் யார் கண்ணிலும் படாத கதையை எழுதியவர் வாயாலேயே கேட்கிறோமே என்று சந்தோஷம் தாங்கவில்லை. பூங்கொடி தன் வீட்டு வாசலுக்கு வந்து கதவில் கை வைத்தாள்.

"ம்."

அங்கேயே நின்று அவள் யோசிக்கத் தொடங்கினாள். வீடு என்றால் என்ன, கதவு யாருக்காகத் திறக்கிறது, ஒரு பெண்ணுக்குச் சொந்த இடம் எது. அழகழகான வாக்கியங்கள். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

சென்னியப்பனுக்கு "ம்" வரவில்லை.

டீச்சர் ஒரு பத்தியை முடித்து நிறுத்தினார். அடுத்ததையும் படித்து நிறுத்தினார்.

சென்னியப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரே ஓர் எழுத்து. சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துவிடும்? சொல்லாவிட்டால் டீச்சர் மனசு நோகும். துணிப்பையில் இருக்கிற நாவல் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இருபத்தெட்டு வருஷத்தில், இறங்குகிறவர் கால் படியில் இருக்கும்போது பஸ்ஸைக் கிளப்பச் சொல்லி அவர் ஒரு நாளும் ரெட்டை விசில் கொடுத்ததில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

டீச்சர் நிமிர்ந்தார்.

"தூங்கிட்டீங்களாண்ணா?"

"இல்லீங்க டீச்சர்."

டீச்சரின் முகம் சிவந்துபோனது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாம் போச்சு என்று சென்னியப்பன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

டீச்சர் பென்சிலை எடுத்தார். நாலு பக்கத்துக்கு மேலிருந்து கீழாக ஒரே கோடாக இழுத்தார். மறுபடி படித்தார்.

"கதவில் கை வைத்தாள். உள்ளே அம்மா இருமுகிற..."

"ம்."

வாக்கியம் முடிவதற்குள் வந்துவிட்டது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். சென்னியப்பனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏன் சிரிக்கிறோம் என்றே தெரியாமல் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குமுன்பே டீச்சர் பதிப்பாளருக்குப் போன் போட்டார். அவர் வண்டி பவானியைத் தாண்டிவிட்டதாம். இன்றைக்குத் தருவதற்கில்லை, எப்போது என்றும் சொல்ல முடியாது என்றார் டீச்சர். அந்தப் பக்கம் மனிதர் கத்தியது சென்னியப்பனுக்கே கேட்டது.

மணி நாலானது. மாடிப்படியில் செருப்புச் சத்தம். வகுப்புக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்து, நாற்காலியில் யார் இருக்கிறார் என்று பார்த்துத் திகைத்து நின்றார்கள். சென்னியப்பன் கூச்சத்தோடு அவசரமாக எழுந்தார்.

டீச்சர் பெஞ்சை விட்டு அசையவில்லை. தாள்கட்டைத் திருப்பி முதல் பக்கத்தை எடுத்தார்.

"உக்காருங்கண்ணா. மொதல் அத்தியாயத்துல இருந்து படிக்கறேன்."