வரும்போது சொல்லிட்டுப் போங்க

பாய்த்தோணி ஓட்டும் தண்டலாக இருந்த கஸ்பார் தம் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, துறவி மரகதம் அம்மையின் குடிலுக்கு வந்தார். அம்மைக்கு அவரைவிட வயது எவ்வளவோ குறைவு. ஆனாலும் அந்தக் கரையில் எல்லாரும் அம்மை என்றுதான் சொல்வார்கள். அவரும் ‘அம்மா’ என்றே கூப்பிட்டார்.

“அம்மா, வருஷா வருஷம் கடற்கரையிலருந்து மலைச்சுனைக்கு நடக்குறீகளே, இந்தத் தடவை நானும் வாறேன். நீங்க திரும்பிடுங்க. நான் காட்டுலயே இருந்துக்கிடுதேன்.”

“ஏன்?”

“எம் பொண்டாட்டி மதலேன் கண்ண மூடுனதுலருந்து வீட்டுல பேச ஆளில்ல. வெளிய யாருகிட்டயும் பேசப் பிடிக்கல. பேசாம இருக்கதுன்னு ஆயாச்சு. அதுக்கு ஏத்த இடத்துல போய் இருக்கேன். எனக்கு மௌனத்தைச் சொல்லிக் குடுங்க.”

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“வாங்க. நீங்க முன்னால நடக்கணும். வழி பிரியுற இடத்துல எல்லாம் யாரையாவது கேக்கணும். தெரிஞ்ச வழின்னாலும் கேக்கணும். என்னை மட்டும் கேக்கக் கூடாது. எங்க நடைக்கு அதுதான் வழக்கம்.”

“தண்டலா இருந்தவன் வழி கேக்கதா?”

அம்மை சிரித்துக்கொண்டே அடுத்த கட்டுக் கீரையை எடுத்தார்.

விடியலில் புறப்பட்டார்கள். கொழும்புக்குப் பாய் விரித்துப் போய்வந்த மனிதர் அவர். சூரியனை முதுகில் வைத்தால் மேற்கு. இதில் கேட்க என்ன இருக்கிறது? உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். தண்டல் அவளைப் பார்க்காதவர்போல நேரே போனார்.

கடலில் நேரே போகலாம். உப்பளத்தில் வரப்பு போகிற பக்கம்தான் போக முடியும். சற்று நேரத்தில் மூன்று புறமும் உப்புத் தண்ணீர் சூழ, ஒரு வரப்பின் முனையில் நின்றார். அம்மையும் பின்னாலேயே வந்து நின்று, தண்ணீரில் நடந்த கொக்கை வேடிக்கை பார்த்தார்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் கேட்டாள்: “என்ன அண்ணாச்சி, கரை தட்டிட்டா?”

தண்டலுக்குக் காது சூடேறியது.

“மலைக்குப் போகணும் தாயி. பாதை எது?”

மதலேன் போன பிறகு வெளியாள் ஒருவரிடம் அவராகப் போய்ப் பேசிய முதல் பேச்சு அது.

“மலைக்கா? ஆத்தாடி!” அவள் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு வழி சொன்னாள். “நல்லபடியா போய்ச் சேந்தீகளான்னு வரும்போது சொல்லிட்டுப் போங்க. இல்லன்னா எனக்கு அதே நெனப்பா இருக்கும்.”

வரப்போவதில்லை என்று சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. தலையை ஆட்டிவைத்தார்.

தேரி என்னும் செம்மணல் மேட்டில் பனைகளுக்கு நடுவே பாதை இரண்டானது. சுற்றிலும் ஆள் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தபோது வானத்திலிருந்து குரல் வந்தது.

“எங்கவே போறீரு?”

பனை உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தார் ஒருவர்.

“மலைக்கு. எந்தப் பாதை?”

“சீக்கிரம் போகவா, நெழல்ல போகவா?”

தண்டல் யோசித்தார். “நெழல்ல.”

இறங்கி வந்த பனையேறி, பனையோலையை மடித்த பட்டையில் பதநீர் ஊற்றினார். தண்டல் குடித்தார். மீசையில் ஒட்டிய நுரையைத் துடைக்க மறந்தார்.

“தினம் மேலருந்து பாக்கேன். மலை ஒரு நீலக் கோடாத்தான் தெரியுது. கிட்டப் போய்ப் பாத்ததே இல்ல. கிட்டக்க அது என்ன நெறம்னு வரும்போது சொல்லிட்டுப் போரும்.”

நெடுஞ்சாலையில் வழி கேட்டபோது ஒரு வாலிபன், “போன்ல பாக்கலாமே பெரியவரே” என்றான். “போன் பதநீர் குடுக்குமாடே?” என்று தண்டல் கேட்டார். கேட்டுவிட்டு, தமக்கே ஆச்சரியமாக நின்றார்.

ஆற்றோரம் வாழைத் தோட்டத்தில் ஒரு கணவனும் மனைவியும் இலை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

“வாய்க்காலோட போங்க” என்றார் கணவர்.

“போகாதீக, ஒரே முள்ளு. கோயில் பக்கமா போங்க” என்றாள் மனைவி.

“இவ அந்தப் பக்கம் போயே வருஷம் ஆச்சு.”

“இவுக தோட்டத்தைத் தாண்டியே வருஷம் ஆச்சு.”

சண்டை முடிகிறவரை இருக்கச் சொல்லி, அறுத்த இலையிலேயே சோறு போட்டார்கள். கிளம்பும்போது இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “யார் சொன்னது சரின்னு வரும்போது சொல்லிட்டுப் போங்க.”

மதகைத் தாண்டியதும் தண்டல் நின்றார். “மதலேனும் இப்படித்தான்” என்றார். பிறகு கோயில் பக்கமாக நடந்தார்.

அதன்பின் வழி பிரியாத இடத்திலும் அவர் கேட்கத் தொடங்கினார். அம்மை பின்னால் வந்துகொண்டே இருந்தார்.

ஒருநாள் மாலை காட்டுக்குள் ஏறிச் சுனையை அடைந்தார்கள். குளிர்ந்த நீரில் முகம் கழுவினார்கள். காலையில் தண்டல் கண் விழித்தபோது, ஒரு இலை உதிர்ந்து இன்னொரு இலைமேல் விழும் ஓசைகூடக் கேட்டது. அவர் தேடி வந்த மௌனம் அதுதான். நினைத்ததைவிட அழகாகவே இருந்தது.

அம்மை பையைத் தோளில் போட்டார்.

“இடம் பிடிச்சிருக்கா, தண்டல்?”

“பிடிச்சிருக்கு அம்மா.”

“அப்ப இருங்க. நான் இறங்குறேன். வழியில உங்களைக் கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?”

“உப்பளத்துப் பிள்ளகிட்ட நல்லபடியா சேந்தாச்சுன்னு சொல்லுங்க.”

“சரி.”

“பனையேறிகிட்ட, மலை நீலமே இல்லன்னு சொல்லுங்க. பச்சைன்னும் சொல்லீராதீக. கொழுந்து விட்டு மலை பூராவும் செவந்து கெடக்கு. சும்மா செவப்புன்னா நம்ப மாட்டாரு. மாங்கொழுந்து மாதிரின்னு சொல்லணும். ஒரு கொழுந்து கையில கொண்டு போனா நல்லது.” ஒன்றைப் பறித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். “தோட்டத்துல அந்த அம்மா சொன்னதுதான் சரி. ஆனா எடுத்த எடுப்புல சொல்லப்படாது. வீட்டுக்காரரைத் தனியா கூப்பிட்டு, நீங்களே உங்க வாயால அவுககிட்டச் சொல்லிருங்கன்னு சொல்லணும். அதுக்குன்னு ஒரு பக்குவம் இருக்கு. நீங்க சொன்னா சரியா வராது அம்மா.”

“அந்தத் தோட்டம் எந்தப் பக்கம்?”

“என்ன அம்மா, கூடவேதானே வந்தீக? ஆத்தோட இறங்கி, கோயிலைத் தாண்டி, மதகையும் தாண்டுனா…”

பேசிக்கொண்டே எழுந்துவிட்டிருந்தார். தம் பை எப்போது தோளுக்கு வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

“வருஷா வருஷம் வாற பாதையாச்சே, உங்களுக்கா தெரியாது?”

“தெரியாது தண்டல்” என்றார் அம்மை. “முன்னால நடங்க.”