முட்டியில் ஒரு சுழி

"சாமி, ஒண்ணுமே இல்லாத கால்ல வலி வருமுங்களா?"

சென்னியப்பன் வந்ததும் வராததுமாகக் கேட்டது இதுதான். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று படியில் கிடந்தது, மற்றது காலிலேயே இருந்தது.

சின்னச் சாமி முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"யாரு கால்லீங்க ஐயா?"

"என் ஆட்டக்காரன் கால்ல."

ஆளைச் சொல்லிவிடுகிறேன். சென்னியப்பன் திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி. பனியனில் சம்பாதித்ததைப் பந்தில் போட்டவர். கால்பந்து அணி ஒன்றை வாங்கி, 'நொய்யல் வேங்கைகள்' என்று பேர் வைத்து, லீக்கில் ஆடவிட்டுச் சில வருஷமாகிறது. வயது அறுபதைத் தொட்டாயிற்று.

சின்னச் சாமிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பெரிய சாமி காலமான பிறகு மலையடிவார மடத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். உபதேசம் எதுவும் செய்வதில்லை. கேள்வி கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்பாள். அதற்கே சனம் வந்தபடி இருந்தது. பதில் சொல்லாத சாமி என்றால் நம் சனத்துக்குத் தனி மரியாதை!

"எந்த ஆட்டக்காரனுங்க?"

"அதா, கால்வலி தீரோணும்னு உங்க மடத்துல வந்து உட்கார்ந்திருக்கானே ரீகன். அவந்தான்."

ரீகன் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். வடசென்னைக்காரன். அணியில் கோல் போடுகிறவன் அவன்தான். அவன் பந்தோடு கிளம்பினால் எதிர் அணிக்காரனே ஒரு கணம் வேடிக்கை பார்த்து நின்றுவிடுவான். அப்படிப்பட்டவன் இப்போது வாளியைத் தூக்கிக்கொண்டு வலது காலை இழுத்து இழுத்து நடந்தான்.

சென்னியப்பனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாருங்க, நொண்டறான். நாளைக்குக் காலையில வடக்கேயிருந்து ஒரு பெரிய அணிக்காரங்க வர்றாங்க. இவனை வாங்கத்தான் வர்றாங்க. ஓடவிட்டுப் பார்ப்பாங்க. இப்படி இழுத்தான்னா வந்த வண்டியிலயே திரும்பிப் போயிருவாங்க. இவனை வித்தாத்தான் அடுத்த வருஷம் என் அணி நிக்கும். நீங்க ஒரு திருநீறு குடுத்து, கொஞ்சம் மனசு வெச்சு..."

"கால்ல ஒண்ணுமில்லைன்னு எப்படித் தெரியும்?"

"டாக்டரு படம் எடுத்துப் பார்த்துட்டாருங்க. முட்டி இரும்பாட்ட கெட்டியா இருக்குதுன்னாரு."

"யாருகிட்டச் சொன்னாரு?"

"என்கிட்டத்தான். சம்பளம் குடுக்கறவன் நாந்தானுங்களே."

"நீங்க அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

சென்னியப்பன் குனிந்து, காலில் இருந்த செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு செருப்பைக் கழற்ற யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகாது.

சின்னச் சாமி கீரையிலேயே கண்ணாக இருந்தாள்.

"தண்ணி குடிக்கறீங்களா?"

"வேண்டாமுங்க."

"அப்பச் சொல்லுங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? அவர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். கடைசியில் எங்கேயோ ஆரம்பித்தார்.

"எங்கய்யன் மாட்டுத் தரகு பார்த்தவருங்க. சந்தையில துண்டைப் போட்டு மூடி, அதுக்குள்ள விரலைப் புடிச்சு விலை பேசுவாரு. நானும் கூடவே திரிவேன். தொழில்னு அவரு எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். வாங்கறப்பச் சுழி சொல்லு, விக்கறப்பச் சுழியை மறந்துரு."

மாட்டு உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்துக்குச் சுழி என்று பேர். ஒரு சுழி குடும்பத்தை வாழவைக்கும், இன்னொன்று குடியைக் கெடுக்கும் என்பார்கள். நல்ல மாட்டை மலிவாக ஓட்டிப்போக நினைக்கிற தரகன், இல்லாத சுழியையும் தடவிக் கண்டுபிடித்துவிடுவான். அதே மாட்டை அடுத்த சந்தையில் விற்கும்போது அவன் கைக்குச் சுழியே தட்டுப்படாது.

"ரீகனுக்கு ஒப்பந்தம் முடியற நேரம். புதுசாப் போடோணும். அவன் ஆடின ஆட்டத்துக்கு வாயைத் தொறந்து கேட்டா, கேட்டதைக் குடுத்துத்தான் ஆகோணும். அதனால..."

"அதனால?"

"முட்டியில ஒரு சுழி சொன்னேனுங்க."

சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

நடந்தது இதுதான். ரீகனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கை போட்டு, "தம்பி, உன் முட்டிக்குள்ள சவ்வு தேஞ்சு போச்சாம். ஒரு வருஷம் தாங்கினாப் பெரிசுங்கறாரு டாக்டரு. வேற முதலாளியா இருந்தா இன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பான். நான் உன்னைக் கைவிடமாட்டேன். சம்பளத்தைப் பாதியாக் குறைச்சுக்க. மூணு வருஷத்துக்குப் போட்டுத் தர்றேன்" என்றார்.

ரீகன் அழுதான். காலில் விழுந்து கும்பிட்டான். அழுத கண்ணோடு கையெழுத்துப் போட்டான். சென்னியப்பன் அவனுக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு உறுத்தவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஊர் உலகத்தில் இல்லாததா, வாங்கும்போது குறை சொல்வது வியாபாரம்தானே என்று நினைத்துக்கொண்டார். பெரிய மனுஷன்!

அடுத்த வாரமே ரீகன் நொண்ட ஆரம்பித்தான்.

"மொதல்ல நடிப்புன்னு நினைச்சேனுங்க சாமி. கூலி பத்தலைன்னு நடிக்கறானாக்கும்னு. ஆளை விட்டு வேவு பார்க்கச் சொன்னேன். தனியா இருக்கறப்பவும் நொண்டறானுங்க. தூக்கத்துல முட்டியைப் புடிச்சுட்டு முனகறானாம்."

சின்னச் சாமி முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"உங்கய்யன் சுழி சொன்ன மாடு அதைக் கேட்டு இளைச்சுப் போச்சுங்களா?"

"மாடு எங்கீங்க இளைக்கும்? அதுக்கென்ன தெரியும்? நாம பேசறது மாட்டுக்கு..."

வாய் பாதியில் நின்றுவிட்டது. தவளை தன் வாயால் கெடும். பல பேரைப் பார்த்து அவர் சொன்ன பழமொழிதான். தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டிவரும் என்று இதுவரை நினைத்ததில்லை.

அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டில் ஏதோ உருண்டது. குரங்கு ஒன்று பூசைக்கு வைத்திருந்த வாழைச்சீப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது.

"டேய்! டேய்! வைடா அத!"

ரீகன் வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். என்ன ஓட்டம்! மதில் மேல் கை வைத்தான், அந்தப் பக்கம் இருந்தான். பாறைச் சரிவில் குறுக்கே வெட்டி, குரங்குக்கு முன்னால் போய் நின்றான். அது இடப்பக்கம் திரும்பினால் இவனும் இடப்பக்கம். வலப்பக்கம் திரும்பினால் இவன் அதற்கு முன்னமே வலப்பக்கம். கடைசியில் குரங்கு சீப்பைப் போட்டுவிட்டு ஆலமரத்தில் ஏறிப் பல்லைக் காட்டியது. இவனும் பதிலுக்குப் பல்லைக் காட்டினான்.

சிரித்துக்கொண்டே திரும்பினான். முதலாளி நிற்பது கண்ணில் பட்டது.

சிரிப்பு நின்றது. கை முட்டிக்குப் போனது. அங்கிருந்து காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான்.

"பார்த்தீங்களா சாமி! பார்த்தீங்களா!" சென்னியப்பன் துள்ளிக் குதித்தார்.

"பார்த்தேன். ஓடினது அவன் கால். இப்ப இழுத்துக்கிட்டு வருதே, அது உங்க பேச்சு."

சென்னியப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் முதலாளி முதலாளிதான். அந்த அவமானத்திலும் அவருக்கு ஒரு வழி தோன்றியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்களே சொல்லிருங்க சாமி. மந்திரிச்சாச்சு, கால் சரியாப் போச்சு, ஓடுன்னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னா நம்புவான்."

"ஆமா, நம்புவான்."

"சொல்லுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவுது."

சின்னச் சாமி முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள்.

"ரீகா, இங்க வாப்பா. முதலாளி உங்கிட்ட ஒண்ணு சொல்லோணுமாம்."

அடப்பாவமே! சென்னியப்பனுக்கு அந்த மலையடிவாரத்தில் ஓடி ஒளிய ஓர் இடம்கூடத் தெரியவில்லை.

ரீகன் வந்தான். சீப்பைச் சாமியிடம் கொடுத்துவிட்டு, ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, முதலாளி உட்காரப் பாயை விரித்தான்.

"எப்ப வந்தீங்க மொதலாளி? சாப்ட்டீங்களா? நானே உங்களாண்ட பேசணும்னுதான் இருந்தேன்."

"என்னப்பா?"

"நாளைக்கு வர்றவங்களாண்ட நானே சொல்லிடப்போறேன், முட்டி போயிடுச்சு, என்னை வாங்காதீங்கன்னு. எனக்கு நல்லது பண்றதா நினைச்சு நீங்க மறைப்பீங்க. அப்புறம் உங்க பேருதான் கெட்டுப்போவும். அது வேணாம் மொதலாளி. நான் ஊருக்குப் போயி மாமாவோட ஆட்டோவ ஓட்டிக்கிறேன். பந்து போதும்."

சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தான். 'பந்து போதும்' என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. ஐந்து வயதில் கடற்கரை மணலில் பிடித்த பந்து அது. அதை விடுவதென்றால் சும்மாவா?

சென்னியப்பன் ஓர் அடி முன்னால் வந்தார்.

"தம்பி... உன் முட்டிக்கு ஒண்ணுமில்லை. நல்லாத்தான் இருக்குது."

"நாளைக்கு ஓடணும்னு தைரியம் சொல்றீங்க."

"இல்லப்பா, டாக்டரே சொன்னாரு."

"அவரு உங்க ஆளுதானே மொதலாளி. நீங்க சொல்லச் சொன்னா சொல்லுவாரு."

அவன் குத்திக்காட்டவில்லை. கள்ளங்கபடமில்லாமல்தான் சொன்னான். சென்னியப்பனுக்குச் சுரீரென்றது.

"இப்பக் குரங்கைத் தொரத்தினியே!"

"கொரங்கு பின்னாடி கொஞ்சம் ஓடறதும் ஆட்டம் முழுக்க ஓடறதும் ஒண்ணா?"

சென்னியப்பன் சின்னச் சாமியைப் பார்த்தார்.

"சொல்லிட்டேன் சாமி. நம்ப மாட்டேங்கறானே."

"எங்கீங்க சொன்னீங்க?" என்றாள் அவள்.

அவருக்குக் காது மடல் வரைக்கும் சிவந்தது. நாலு பேர் நடுவில் வேட்டி அவிழ்ந்தவன் மாதிரி நின்றார். உண்மையில் அங்கே நாலு பேர்கூட இல்லை. ஒரு சாமியும், ரீகன் ஒருவனும், மரத்தின் மேல் ஒரு குரங்கும்தான். அதற்கே இப்படிக் கூசியது.

பிறகு அவர் பாயில் உட்காரவில்லை. தரையில் ரீகனுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவன் வலது முட்டியில் கையை வைத்தார்.

"நான் பொய் சொன்னேன் ரீகா. சவ்வும் தேயலை, ஒரு மண்ணும் தேயலை. நீ அதிகமாக் கேட்டிருவேன்னு பயந்து, உன்னை மலிவாப் புடிச்சுப் போடறதுக்காகச் சொன்ன பொய். உன்னை மாடுன்னு நினைச்சுட்டேன். நீ அழுதே பாரு, அப்பக்கூட எனக்கு உறைக்கலை. உனக்குக் காப்பி வாங்கிக் குடுத்தேன்!"

சொல்லச் சொல்ல அவருக்கு அழுகை வந்தது. துண்டை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"நாளைக்கு உன்னை நான் விக்கலை. அவங்களை வரவேண்டாம்னு சொல்லிர்றேன். ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டர்றேன். நீ எந்த அணிக்கு வேணும்னாலும் போ. உன் விலையை நீயே பேசிக்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். என் அணி போனாப் போவுது. நீ மட்டும் ஓடு தம்பி, ஓடிக் காட்டு."

ரீகன் பதறிப்போனான்.

"ஐயோ மொதலாளி, எந்திரிங்க! என்ன இது, வயசுல பெரியவரு என் காலைப் புடிச்சுக்கினு!"

அவர் தோளைப் பிடித்துத் தூக்கினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"ஒரு நொண்டிக்காலனுக்குத் தைரியம் வரணும்னு உங்க பேரையே நீங்க கெடுத்துக்கறீங்களே! ஒப்பந்தத்தை வேற கிழிக்கறேங்கறீங்க. அதுல யாருக்கு நஷ்டம்? உங்களுக்குத்தானே? ஏமாத்தறவன் இப்படியா பேசுவான்? முட்டி போச்சுன்னு தெரிஞ்சும் என்னை வச்சு சோறு போட்ட மனுஷன் நீங்க. உங்க வாயில பொய் வருமா?"

சென்னியப்பன் மறுக்க வாயைத் திறந்தார்.

ரீகன் துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டான். மெதுவாக, குழந்தைக்குத் துடைப்பதுபோலத் துடைத்தான். பிறகு திரும்பினான்.

"சாமி, நீங்களாவது சொல்லுங்க. இவ்ளோ நல்ல மனுஷன் தம்மேலயே இப்படிப் பழி போட்டுக்கலாமா?"

சின்னச் சாமி சென்னியப்பனைப் பார்த்தாள்.

"மறுபடியும் சொல்லுங்க" என்றாள்.