பேர் சொல்லும் பெட்டி

இந்தக் கதையைச் சொல்பவனுக்கே பல வருடங்களாக இதன் மேல் முழு நம்பிக்கை இல்லை.

கதையைக் கொடுத்தவர் குற்றாலிங்கம். தென்காசியில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பேச்சில் பிழைப்பவர். டீக்கடை பெஞ்சில் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஏதாவது ஒன்று மாறும். ஒருமுறை மழை பெய்யும், ஒருமுறை வெயில் கொளுத்தும். ஒருமுறை கதையில் வரும் டீச்சர் சிரிப்பார், ஒருமுறை முறைப்பார்.

ஒரே ஒரு இடம் மட்டும் மாறாது. சொல்பவனுடைய சந்தேகம் அந்த இடத்தில்தான்.

அது கடைசியில் வரும்.

*

"டீச்சர், எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு" என்றார் குற்றாலிங்கம்.

கடையநல்லூரில் ஒரு பெயிண்ட் கடைக்கு மாடியில் இருந்தது ரஹ்மத் நிஸாவின் அறை. பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு, மற்றவர்கள் கழித்துப்போட்ட கணினிகளில் விலையில்லாமல் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளைப் போட்டு ஓடவைத்துக்கொண்டிருந்தார். குற்றாலிங்கத்தைவிட வயதில் இளையவர். அவசியம் இல்லாமல் பேசமாட்டார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

குற்றாலிங்கம் உட்காரவில்லை.

"வாட்ஸ்அப் குரூப்புல, கம்ப்யூட்டருக்கு உபுண்டு சிஸ்டம் போடுங்கான் ஒருத்தன். மின்ட்டைத் தவிர வேற எதையும் தொடாதீங்கங்கான் இன்னொருத்தன். டெபியன்தான் தாய்வீடுன்னு ஒரு ரிட்டயர்டு எஞ்சினியர் தலையில அடிச்சுச் சொல்லுதாரு. ஃபெடோராக்காரன் ஒருத்தன் இருக்கான், காலையில குட்மார்னிங்குக்குப் பதிலா அதைத்தான் அனுப்புதான். எல்லாம் ஓசிதானே டீச்சர்? ஓசிக்கு எதுக்கு இம்புட்டுச் சண்டை?"

"ஓசிங்கிறதுக்காக இல்ல."

"வேற எதுக்கு?"

நிஸா, "யாருக்கு வேணும்?" என்று கேட்டார்.

"வீட்டுல. அவளுக்கு."

அவள் என்பது அவர் மனைவி குழல்வாய்மொழி. நடுவயதில் கண்பார்வை போனது. அதன் பிறகுதான் எழுத ஆரம்பித்தார். வானொலிக்கு நாடகம் எழுதுவார். டைப்ரைட்டிங் படித்த விரல்கள். அவர் அடிக்க அடிக்க, அடித்ததைக் கணினி ஒரு குரலில் படித்துச் சொல்லும். அதைக் கேட்டுத் திருத்திக்கொள்வார்.

அந்தக் கணினி ஆடி மாதம் நின்றுபோனது. பொங்கலுக்கு ஒலிபரப்பவேண்டிய நாடகம் பாதியில் நின்றது. மார்கழி பிறப்பதற்குள் வராவிட்டால் வேறு யாருடையதையாவது போட்டுக்கொள்வதாக நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். இப்போது ஐப்பசி.

மீதி நாடகம் முழுக்க குழல்வாய்மொழியின் தலைக்குள் இருந்தது. மறந்துவிடக் கூடாது என்று வெண்டைக்காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுக்காரர்கள் தினமும் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள்.

"நீங்க எழுதிக் குடுக்கலாமே" என்றார் நிஸா.

"கேட்டுப் பாத்துட்டேன். 'நான் சொல்லுதத எழுதமாட்டீங்க, நீங்க நினைக்கிறதத்தான் எழுதுவீங்க'ங்கா."

"போன்ல பேசிப் பதிஞ்சு வைக்கலாம்."

"பதிஞ்சா வெட்டி ஒட்ட முடியலயாம்."

நிஸா தலையாட்டினார்.

"சரி, நீங்க எதைப் பாத்து வச்சிருக்கீங்க?"

குற்றாலிங்கம் பையிலிருந்து ஒரு பாக்கு டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பென்டிரைவுகள். ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. கணினியில் நிறுவாமலே, பென்டிரைவைச் செருகி ஒவ்வொன்றையும் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்திருந்தார்.

"இது பாக்க அம்சமா இருக்கும் டீச்சர். கீழ வரிசையா வட்ட வட்டமா படம். இதுல பின்னால மலை. நம்ம குத்தாலம் மாதிரியே. இதுல எழுத்து பளிச்சுன்னு தெரியும்."

நிஸா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மதினி என்ன கேக்காங்க?"

குற்றாலிங்கம் டப்பாவை மூடினார்.

"கேட்டுட்டு வாங்க அண்ணாச்சி."

*

மறுநாள் வந்தார்.

"கேட்டேன். கிண்டல் பண்ணுதா."

"என்ன சொன்னாங்க?"

"'என் பேரைச் சரியாச் சொல்லணும், அம்புட்டுதான்'ங்கா. பழைய கம்ப்யூட்டர் ஒருநாள்கூட ஒழுங்காச் சொல்லலயாம்."

"சரி."

"என்ன சரி? இதையும் குரூப்புல கேட்டேன். பேரைச் சரியாச் சொல்லுத சிஸ்டம் எதுன்னு. அதுக்கு வேற ராத்திரி பூரா அடிச்சுக்கிடுதாங்க. ரெண்டு பேரு குரூப்ப விட்டே போயிட்டான்."

"மதினியக் கூட்டிட்டு வாங்க."

"படி ஏறணுமே."

நிஸா ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வீட்டில் போய்ச் சொல்லி முடிப்பதற்குள் குழல்வாய்மொழி செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"நேத்தே கூப்பிட்டிருந்தா நேத்தே வந்திருப்பேன்" என்றார்.

*

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, செத்த கணினியையும் அதன் ஒயர்களையும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். படியில் குற்றாலிங்கம் கை கொடுத்தார்.

"கைய விடுங்க. கம்பி இருக்கு."

நிஸா கணினிக்கு வேறு ஹார்டு டிஸ்க் மாட்டினார். மானிட்டரை இணைத்தார். முதல் பென்டிரைவில் திரை விரிந்ததும் குற்றாலிங்கம் விரலை நீட்டினார்.

"ஏட்டி, இதான் நான் சொன்னேம்லா, மலை. இந்தப் பக்கம் பாரு, சின்னச் சின்னதா..."

நிஸா எழுந்தார். மானிட்டரின் ஒயரை இரண்டு முனையிலும் உருவினார். திரை கறுத்தது.

ஒயரைச் சுருட்டி குற்றாலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"இத வச்சுக்கிடுங்க."

யார் வீட்டுக் குழந்தையையோ தூக்கிவைத்திருப்பதுபோல அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நிஸா பென்டிரைவுகளின் ஒட்டுத்தாளை ஒவ்வொன்றாக உரித்தார். டப்பாவில் போட்டுக் குலுக்கினார். ஒன்றை எடுத்துச் செருகி, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, "அடிங்க மதினி" என்றார்.

குழல்வாய்மொழி தன் பெயரை அடித்தார்.

தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு குரல் சொன்னது: "குளல்வாய்மொளி."

அடுத்த பென்டிரைவ். அதே குரல். "குளல்வாய்மொளி."

அதற்கடுத்ததும் அதே.

"எல்லாப் பயலும் ஒரே வாத்தியார்ட்ட படிச்சிருக்கான்" என்றார் குழல்வாய்மொழி.

"இது எது அண்ணாச்சி?" என்று நிஸா கேட்டார்.

குற்றாலிங்கம் யோசித்தார். "உபுண்டு."

"முன்னால ஓடுனது?"

"அதுவும்... இல்ல, அது மின்ட். இருங்க. திரும்ப ஒருக்க ஓட்டுங்க."

திரும்ப ஓட்டினார்கள். "குளல்வாய்மொளி."

"டெபியனோ?" என்றார்.

மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆடிக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

குழல்வாய்மொழி சிரிப்பை நிறுத்தினார்.

"டீச்சர், இந்த ளகரத்தைத் திருத்த முடியுமா?"

"முடியும்."

"எதுல?"

"எல்லாத்துலயும். எந்த எழுத்துக்கு எந்த ஓசைன்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருக்காங்க. பூட்டு கிடையாது. யாரும் தொறக்கலாம்."

"எழுதுனவங்க கோவிச்சுக்கிட மாட்டாங்களா?"

"திருத்துனதை அவங்களுக்கும் அனுப்பி வைங்க. சந்தோசப்படுவாங்க."

"யாரு திருத்துவா?"

நிஸா கீபோர்டை மேசையின் குறுக்கே மெல்லத் தள்ளினார். அது குழல்வாய்மொழியின் விரல்களில் வந்து இடித்தது.

குழல்வாய்மொழி கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்ப ஓடிக்கிட்டிருக்கதையே போட்டுருங்க டீச்சர்."

"எதுன்னு தெரியாமலா?" குற்றாலிங்கம் பதறினார்.

"உங்களக் கட்டும்போது என்னத்தத் தெரிஞ்சு கட்டுனேன்?"

"ஏட்டி, வெளையாடாத. நாளைக்கு நாலு பேரு கேப்பான்."

"நாலு பேரா நாடகம் எழுதப் போறான்?"

நிஸா குற்றாலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, கீழ போயி மூணு டீ சொல்லிட்டு வாங்க."

அவர் டீயோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போட்டு முடித்ததும் எந்த சிஸ்டத்தின் பெயரை அந்தக் குரல் சொன்னதோ, அதை இரண்டு பெண்களும் கேட்டிருந்தார்கள். அவர் கேட்கவில்லை.

"எதைப் போட்டீங்க?"

"ஓடுது அண்ணாச்சி" என்றார் நிஸா.

மனைவியைக் கேட்டார்.

"டீ ஆறுது" என்றார் குழல்வாய்மொழி.

மானிட்டர் ஒயரை நிஸா திரும்ப வாங்கி ஆணியில் மாட்டிவைத்துக்கொண்டார்.

*

நாடகம் கார்த்திகை முடிவதற்குள் போய்ச் சேர்ந்தது. பொங்கலன்று ஒலிபரப்பானது.

இந்தக் கதையைச் சொல்பவனும் அன்று கேட்டான். நல்ல நாடகம். அதில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும் கணவன் ஒருவன் வருவான். முடிவில் அறிவிப்பாளர் எழுதியவரின் பெயரை நாக்கை மடித்து அழகாகச் சொன்னார்.

பொங்கல் முடிந்த மறுநாள் குழல்வாய்மொழி அந்த ஃபைலைத் திறந்தார்.

லேசில் வசப்படவில்லை. ஒரு வரியை மாற்றுவார். கணினி ஊமையாகிவிடும். நிஸாவுக்குப் போன் போடுவார். நிஸா ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். மறுபடியும் முதலிலிருந்து. ஒருநாள் ழகரம் வந்துவிட்டது. ஆனால் எல்லா இடத்திலும் வந்துவிட்டது.

"பழ்ழிக்கூடம்" என்றது கணினி. "வெழ்ழம். தேங்காயும் இழநீரும்."

"பழசே தேவலாம் ஏட்டி" என்று அடுக்களையிலிருந்து கத்தினார் குற்றாலிங்கம். இப்போதெல்லாம் காலை டீ அவர் பொறுப்பு.

"வாய மூடிக்கிட்டு டீயப் போடுங்க."

குழுவில் ஆட்கள் விடாமல் கேட்டார்கள். கடைசியில் எதைப் போட்டீர்கள், அண்ணாச்சி? அவர் 'ஓடுது' என்று மட்டும் போட்டுவைத்தார். டெபியன்தான் தாய்வீடு என்ற எஞ்சினியர் நேரில் வந்தே பார்த்தார். ஒயர் இல்லாமல் கறுத்துக் கிடந்த திரையையும், திரையின் பக்கம் திரும்பாமல் தட்டிக்கொண்டிருந்த பெண்ணையும் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

மாசி மாதம் ஒரு காலையில் நிஸாவிடமிருந்து போன் வந்தது. குழல்வாய்மொழி அனுப்பிய திருத்தத்தைத் தன் கணினியிலும் போட்டு, 'மழை' என்று அடித்துப் பார்த்திருந்தார்.

"மதினி, இங்கயும் மழை பெய்யுது" என்றார். வைத்துவிட்டார்.

வெளியே நல்ல வெயில். குற்றாலிங்கத்துக்குப் புரியவில்லை. டீயோடு உள்ளே வந்தார்.

அப்போது கணினி சொன்னது: "குழல்வாய்மொழி."

தகரக் குரல்தான். ஆனால் இரண்டு ழகரமும் அதது இடத்தில் இருந்தன.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்படி?" என்றார் மனைவி.

"சொல்லிருச்சே!"

"நீங்க சொல்லுங்க பாப்போம்."

"என்னத்த?"

"என் பேரை. முப்பது வருசமா 'ஏட்டி'யிலயே ஓட்டிட்டீங்க."

குற்றாலிங்கம் தொண்டையைக் கனைத்தார். நாக்கை மடித்துப் பார்த்தார்.

"இந்தக் கம்ப்யூட்டருக்காவது திருத்த ஒரு ஃபைலு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, குழல்வாய்மொழி அவர் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார்.

*

கதை இங்கே நிற்கும். எப்போது சொன்னாலும் குற்றாலிங்கம் இந்த இடத்தில் நிறுத்தி, "அப்புறம் என்ன, எல்லாம் ஜம்முனு ஓடுது" என்று எழுந்துவிடுவார்.

மழை வெயிலாகும். டீச்சர் முறைப்பார், சிரிப்பார். ஆனால் கதையில் அந்தப் பெயர் வரும் இடத்திலெல்லாம் "அவ பேரு" என்று சொல்லித் தாண்டிப் போவது மட்டும் மாறியதே இல்லை. வானொலியில் கேட்ட பெயரை இந்தக் கதையில் சேர்த்தது சொல்பவன்தான்.

கடைசியில் எதைப் போட்டீர்கள் என்று அவனும் பல தடவை கேட்டிருக்கிறான். அதைத்தான் கேட்கவேண்டும் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டும் இருந்தான். போன தை மாதம் அதே பெஞ்சில் குற்றாலிங்கம் கதையை முடித்து, சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார். சொல்பவன் அவர் கையைப் பிடித்து மறுபடியும் உட்காரவைத்தான்.

"மதினி பேரு என்ன, அண்ணாச்சி?"